மழை பொய்த்தாலும் மந்தை காக்கும் ரெண்டில்லே மக்கள்

மானாவாரி நிலத்தை நம்பி வாழும் விவசாயிக்கு வறட்சி புதிதல்ல. ஒரு பருவம் கைகொடுத்தால் அடுத்த பருவம் ஏமாற்றிவிடுகிறது. பயிர் போனாலும் ஆடு மாடு இருந்தால் குடும்பம் பிழைத்துக்கொள்ளும் என்பது நம் பெரியவர்களின் அனுபவம். பயிரே விளையாத ஒரு நிலத்தில், கால்நடையை மட்டுமே நம்பித் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வரும் மக்களும் உலகில் உள்ளனர். ஆப்பிரிக்காவின் கென்யா நாட்டில் வாழும் ரெண்டில்லே இனத்தவர் அவர்களுள் முக்கியமானவர்கள். வறட்சியை எதிர்கொள்ள அவர்கள் கையாண்ட முறைகளும், அந்த முறைகள் தளர்ந்தபோது ஏற்பட்ட விளைவுகளும் கால்நடை வைத்திருக்கும் ஒவ்வொரு சிறு விவசாயியும் தெரிந்துகொள்ள வேண்டியவை.

நிலமும் மழையும்

கென்யாவின் வடபகுதியில் மார்சபிட் மாவட்டம் உள்ளது. இதன் பரப்பு சுமார் 70 ஆயிரம் சதுர கிலோமீட்டர். மேற்கே துர்கானா என்னும் பெரிய ஏரி. கிழக்கே காடு அடர்ந்த மார்சபிட் மலை. இவற்றுக்கு இடைப்பட்ட தாழ்நிலத்தில் கைசூட் பாலைவனம் பரந்து கிடக்கிறது. எரிமலைக் கற்களும் மணலும் முள்மரங்களும் நிறைந்த இந்த நிலமே ரெண்டில்லே மக்களின் தாயகம். 2019ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இவர்கள் சுமார் 96 ஆயிரம் பேர். இவர்களுடைய மொழி சோமாலி மொழிக்கு நெருங்கிய உறவுடையது.

தாழ்நிலத்தில் ஆண்டு மழை 250 மில்லிமீட்டருக்கும் குறைவு. மார்ச் மாதத்திலிருந்து மே வரை ஒரு மழைக்காலம்; அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொன்று. இந்த மழையும் ஒரே சீராகப் பெய்வதில்லை. ஓரிடத்தில் கொட்டித் தீர்க்கும் மேகம் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு துளியும் சிந்தாமல் போய்விடும். ஆகவே புல்லும் தழையும் எங்கே கிடைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. மழை பெய்த இடத்திற்கு மந்தை நடந்து போக வேண்டும். இம்மக்கள் ஊர் ஊராக நகர்ந்து வாழ்வதற்கு இதுவே காரணம். மேய்ச்சலைக் கணக்குப் பார்த்துச் செய்யும் தொழில்முறை இது.

ஒட்டகம் ஏன்?

வெள்ளாடு, செம்மறியாடு, கழுதை ஆகியவற்றையும் ரெண்டில்லே மக்கள் வளர்க்கின்றனர். எனினும் அவர்களுடைய தலையாய செல்வம் ஒட்டகமே. கென்யாவில் உள்ளது ஒற்றைத் திமில் ஒட்டகம். அது வறண்ட நிலத்திற்கு எவ்வாறு பொருந்துகிறது என்பதைப் பார்ப்போம்.

மாட்டுக்குக் கோடையில் இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறையாவது தண்ணீர் காட்டியே ஆக வேண்டும். ஆடு மூன்று நான்கு நாள் தாங்கும். ரெண்டில்லே மக்கள் ஒட்டகத்துக்குப் பத்து முதல் பதினான்கு நாட்களுக்கு ஒருமுறை தண்ணீர் காட்டுகின்றனர். இதனால் கிணற்றிலிருந்து வெகு தொலைவில், மாடுகள் எட்ட முடியாத மேய்ச்சலையும் ஒட்டகம் பயன்படுத்திக்கொள்கிறது. தாகத்துடன் வந்து சேர்ந்தால் ஒரே முறையில் நூறு லிட்டர் வரை குடித்துவிடும். வெயில் ஏற ஏறத் தன் உடல் வெப்பத்தைச் சில டிகிரி உயரவிட்டு, வியர்வையாக நீர் வீணாவதைத் தடுத்துக்கொள்ளும். திமிலில் இருப்பது தண்ணீர் என்று பலர் நினைக்கின்றனர். அது கொழுப்பு, தீவனம் இல்லாத நாட்களில் உடலுக்கு உதவும் சேமிப்பு.

செம்மறியாடு தரையிலுள்ள புல்லை மேயும். வெள்ளாடு செடிகளையும் தாழ்ந்த கிளைகளையும் மேயும். ஒட்டகமோ கழுத்தை நீட்டி உயரத்தில் உள்ள முள்மரத் தழையைக் கடிக்கும். ஒரே காட்டில் மூன்று இனங்களும் ஒன்றன் வாய்க்கு மற்றொன்று போட்டியில்லாமல் மேய முடிகிறது. மேலும் ஒட்டகத்தின் பாதம் மெத்தென்று அகன்றது. குளம்புள்ள கால்நடை போல அது மண்ணைக் கிளறிவிடுவதில்லை.

பிரித்து மேய்க்கும் முறை

தங்கள் மந்தை முழுவதையும் ரெண்டில்லே மக்கள் ஓரிடத்தில் வைப்பதில்லை. முதியவர்கள், பெண்கள், குழந்தைகள் தங்கியிருக்கும் குடியிருப்பில் அன்றாடப் பாலுக்குத் தேவையான சில கறவை ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே இருக்கும். மற்ற ஒட்டகங்களை இளைஞர்கள் தொலைவில் உள்ள மேய்ச்சலுக்கு ஓட்டிச் செல்கின்றனர். ஆடுகளுக்குத் தனிப் பட்டி உண்டு; அதைச் சிறுவர்களும் பெண்களும் பார்த்துக்கொள்கின்றனர். மேய்ச்சல் பட்டிகளில் வீடு கிடையாது. முள்வேலியும் தரையில் விரிக்கும் தோலும்தான் உண்டு.

இதில் இரண்டு நன்மைகள் உள்ளன. முதலாவது, குடியிருப்பைச் சுற்றியுள்ள தழை விரைவில் தீர்ந்துபோவதில்லை. இரண்டாவது, ஓரிடத்தில் நோயோ திருட்டோ வறட்சியோ தாக்கினாலும் மந்தை முழுவதும் அழிந்துபோவதில்லை.

வீடும் நகர்வதற்கு ஏற்றதே. வளைத்துக் கட்டிய கொம்புகள் மீது நாரினால் பின்னிய பாய்களைப் போர்த்திய குடிசை அது. அதைக் கட்டுவதும், பிரிப்பதும், ஒட்டகத்தின் முதுகில் ஏற்றுவதும் பெண்களின் பொறுப்பு. வீடும் பெண்ணுக்கே உரியது. குடியிருப்பின் நடுவே உள்ள சிறு வேலியில் மாலைதோறும் முதியவர்கள் கூடி வழிபடுகின்றனர். எங்கே மழை பெய்தது, எந்தக் கிணற்றில் நீர் உள்ளது, எப்போது இடம் பெயரலாம் என்பவை அங்கேதான் பேசித் தீர்மானிக்கப்படுகின்றன. ஆண்டில் சில முறை ‘சோரியோ’ என்னும் சடங்கு நடைபெறும். அன்று ஆட்டைப் பலியிட்டு, மந்தை பெருக வேண்டும் என்று வேண்டி, அதன் இரத்தத்தை ஒட்டகங்களின் மேல் பூசுவர். அந்த நாளில் தொலைவில் உள்ள ஒட்டகங்களையும் இயன்றவரை குடியிருப்புக்கு ஓட்டி வருவது வழக்கம்.

பாலே உணவு

ஒட்டகத்தின் சினைக்காலம் சுமார் பதின்மூன்று மாதம். கன்று ஈன்றபின் ஓராண்டும் அதற்கு மேலும் பால் தரும். வறட்சியில் மாடும் ஆடும் பால் வற்றிய பிறகும் ஒட்டகத்தின் மடியில் பால் இருக்கும். இதுவே இம்மக்கள் உயிர் பிழைப்பதற்கு அடிப்படை. நான்கு காம்புகளில் இரண்டைக் கன்றுக்கு விட்டு இரண்டைக் கறப்பது ஒட்டகம் வளர்ப்போரிடையே பரவலாக உள்ள வழக்கம். கன்று அருகில் இல்லாவிட்டால் தாய் எளிதில் பால் சுரக்காது.

ஒட்டகப் பாலில் வைட்டமின் சி, பசும்பாலில் உள்ளதைவிட மிகுதி. காய்கறியும் பழமும் கிடைக்காத பாலை நிலத்தில் இதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. நாரினால் நெருக்கமாகப் பின்னிய குடுவைகளில் பாலைச் சேமிக்கின்றனர். தணல்குச்சியை உள்ளே விட்டுப் புகையேற்றிக் குடுவையைச் சுத்தம் செய்வதால் பால் எளிதில் கெடுவதில்லை. பால் குறையும் காலத்தில், ஒட்டகத்தின் கழுத்து நரம்பில் சிறு அம்பினால் துளையிட்டு, அளவோடு இரத்தம் எடுத்துப் பாலில் கலந்து குடிக்கும் பழக்கமும் உண்டு. ஒட்டகத்தை இறைச்சிக்காக அறுப்பது அரிது. அவசரச் செலவுக்கு விற்பதும் அறுப்பதும் ஆட்டைத்தான். சுருங்கச் சொன்னால் அவர்களுக்கு ஆடு கைச்செலவுக்கு உதவும் பணம். ஒட்டகம் நிலபுலம் போன்ற சொத்து.

‘மால்’ என்னும் இரவல் முறை

ரெண்டில்லே மக்களிடம் நாம் வியந்து நோக்க வேண்டியது கால்நடையை இரவல் கொடுக்கும் ஏற்பாடாகும். இதை அவர்கள் ‘மால்’ என்கின்றனர். கூடுதல் ஒட்டகம் உள்ளவர், இல்லாத ஒருவருக்கு ஒரு கிடேரியைக் கொடுப்பார். பெற்றவர் அதை வளர்த்துப் பாலை எடுத்துக்கொள்ளலாம். பிறக்கும் ஆண் கன்றுகள் அவருக்கே சொந்தம். பெண் கன்றுகளும் அவற்றின் பெண் வழியும் கொடுத்தவரின் பெயரில் இருக்கும்; ஆனால் வளர்ப்பவரின் பட்டியிலேயே நிற்கும். கொடுத்தவருக்குப் பின்னாளில் முடை வந்தால் அந்த வழியிலிருந்து ஒன்றைக் கேட்டுப் பெறலாம். இரவல் பெற்றவரே அதிலிருந்து ஒரு கிடேரியை வேறொருவருக்குக் கொடுப்பதும் உண்டு. இவ்வாறு ஒரே ஒட்டகத்தின் சந்ததி பல குடும்பங்களில் பரவி நிற்கும்.

பால் குடிப்பதற்காக மட்டும் கறவை ஒட்டகத்தைச் சில காலத்திற்குக் கொடுத்து வாங்கும் வழக்கமும் தனியே உள்ளது.

நம் பக்கத்தில் ஆட்டையோ மாட்டையோ வாரத்திற்கு விடுவதை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஆனால் ரெண்டில்லே முறையில் லாபப் பங்கைவிடப் பாதுகாப்பே முதல் நோக்கம். தன் ஒட்டகங்கள் பத்து இடங்களில் பத்துப் பேர் பட்டியில் நின்றால், ஓரிடத்தில் கேடு வந்தாலும் மற்றவை மிஞ்சும். கொடுத்தவரும் பெற்றவரும் ஆயுள் முழுவதும் ஒருவருக்கொருவர் கடமைப்பட்டவர்களாக இருப்பர். வங்கியும் காப்பீடும் இல்லாத இடத்தில் இதுவே சேமிப்பு, இதுவே காப்பீடு.

குறைபாடுகளும் உண்டு

இந்த வாழ்க்கையில் எல்லாமே நிறை என்று கூறிவிட முடியாது. ஒட்டகம் மெதுவாகவே பெருகும். முதல் கன்று ஈன ஐந்து ஆறு வயதாகிவிடும். இரண்டு ஈற்றுக்கு இடையே சுமார் இரண்டு ஆண்டு இடைவெளி. வறட்சியில் வெள்ளாட்டை இழந்தவர் சில ஆண்டுகளில் மீண்டுவிடலாம். ஒட்டக மந்தையை இழந்தவர் மீள ஒரு தலைமுறை ஆகலாம்.

மந்தை மெதுவாகப் பெருகுவதால் சமூக வழக்கங்களும் அதற்கேற்ப அமைந்தன. ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை இளைஞர்களைச் சடங்கு செய்து ஒரு குழுவாகச் சேர்க்கின்றனர். அவர்கள் சுமார் பதினோரு ஆண்டுகள் மந்தை காக்கும் வீரர்களாக இருந்த பிறகே திருமணம் செய்துகொள்வர். மணமகன் வீட்டார் பெண் வீட்டாருக்கு எட்டு ஒட்டகங்கள் கொடுப்பது மரபு. தந்தையின் மந்தை மூத்த மகனுக்கே சேரும். இளையவர்கள் இரவல் ஒட்டகத்தைக் கொண்டு தலையெடுக்க வேண்டும். அல்லது அண்டையிலுள்ள சம்புரு இனத்தாருடன் சேர்ந்து மாடு வளர்க்கப் போக வேண்டும். மானிடவியலாளர் பால் ஸ்பென்சர் 1973இல் வெளியிட்ட நூலில் இந்த உறவை விரிவாக ஆராய்ந்துள்ளார். இரு இனமும் கலந்து, ஒட்டகமும் மாடும் சேர்த்து வளர்க்கும் ‘அரியால்’ என்னும் பிரிவினர் மலையடிவாரங்களில் வாழ்கின்றனர்.

நோய்களும் தொல்லை தருகின்றன. கடிக்கும் ஈக்களால் பரவும் ‘சர்ரா’ நோய் ஒட்டகத்தை மெலியச் செய்து, சினை சிதையவும் காரணமாகிறது. இந்த நோயின் கிருமியை 1880இல் கண்டறிந்தவர் கிரிஃபித் எவான்ஸ் என்னும் கால்நடை மருத்துவர். அவர் அதைக் கண்டது அன்றைய இந்தியாவின் பஞ்சாப் பகுதியில், குதிரை, ஒட்டகம் ஆகியவற்றின் இரத்தத்தில். சொறியும் உண்ணியும் கன்றுகளை அதிகம் வாட்டுகின்றன.

கிணறு வந்தது, புல் போனது

1970களின் முற்பகுதியில் வட கென்யாவைக் கடும் வறட்சி தாக்கியது. மந்தையை இழந்த குடும்பங்கள் பஞ்ச நிவாரண உணவு கிடைத்த இடங்களை நாடின. கிறிஸ்தவ மிஷன்கள் கிணறும் பள்ளியும் மருத்துவமனையும் அமைத்தன. கோர், கார்கி போன்ற இடங்கள் நிலையான ஊர்களாயின. முன்பு சில வாரங்களில் இடம் பெயர்ந்த குடியிருப்புகள், நீரையும் தானியத்தையும் நம்பி அங்கேயே தங்கிவிட்டன.

1976இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோவும் சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து இப்பகுதியில் வறண்ட நில ஆராய்ச்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கின. ஊர்களைச் சுற்றி மரமும் புல்லும் அழிந்து தரை வெறுமையாகி வருவதை அந்த ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். பட்டிக்கு முள்வேலி போடவும் அடுப்பெரிக்கவும் மரங்கள் வெட்டப்பட்டன. தினமும் ஒரே தடத்தில் ஆடுகள் மேய்ந்தன. அதே சமயம், கிணறு இல்லாத தொலைதூர நிலங்களில் தழை மேய்வாரின்றி நின்றது. ஆகவே கேடு நாடு முழுவதும் ஒரே சீராகப் பரவிவிடவில்லை. மக்களும் மந்தையும் ஓரிடத்தில் குவிந்ததே காரணம்.

தண்ணீர் நன்மை தருவதுதான். ஆனால் தீவனத்தைக் கணக்கிடாமல் தண்ணீரை மட்டும் பெருக்கினால், கால்நடை தண்ணீரருகே நின்று பட்டினி கிடக்கும் என்பதை இந்த அனுபவம் காட்டுகிறது.

குழந்தைகளின் உடல்நிலை

ஆய்வாளர்களான எலியட் ஃபிராட்கின், எரிக் ராத், மார்த்தா நாதன் ஆகியோர் 1990களில் ரெண்டில்லே, அரியால் குழந்தைகளின் உணவையும் வளர்ச்சியையும் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். மந்தையோடு நகர்ந்து வாழும் குடும்பத்துக் குழந்தைகள், வறட்சிக் காலத்திலும் ஊரில் தங்கிவிட்ட குடும்பத்துக் குழந்தைகளைவிட அதிகமாகப் பால் குடித்தனர். ஊட்டக்குறைவும் அவர்களிடம் குறைவாகவே காணப்பட்டது. ஊரில் பாலுக்குப் பதிலாக மக்காச்சோளக் கஞ்சியும் சர்க்கரை சேர்த்த தேநீரும் முக்கிய உணவாகிவிட்டன.

ஆனால் ஊரில் இருப்போருக்குப் பள்ளியும் தடுப்பூசியும் மருத்துவமும் கிடைத்தன. மந்தையோடு போனவர்களுக்கு அவை எட்டவில்லை. குழந்தைக்குப் பால் வேண்டுமா, படிப்பு வேண்டுமா என்று தாய் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வருவது எந்தச் சமூகத்திற்கும் நல்லதல்ல. இப்போது பல குடும்பங்கள் இரண்டையும் இணைக்கின்றன. ஒரு பகுதியினர் ஊரில் தங்கிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கின்றனர். மற்றவர்கள் மந்தையோடு செல்கின்றனர்.

சிலர் விவசாயத்திலும் இறங்கினர். மார்சபிட் மலைச்சரிவில் உள்ள சோங்கா என்னும் இடத்தில், மந்தையை இழந்த ரெண்டில்லே குடும்பங்கள் 1973 முதல் குடியேற்றப்பட்டன. ஊற்று நீரை வாய்க்காலில் பாய்ச்சிக் கீரையும் காய்கறியும் பயிரிட்டு, பெண்கள் மார்சபிட் சந்தையில் விற்கின்றனர். மலையில் நீர் உள்ள இடத்தில் இது பலன் தந்துள்ளது. தாழ்நிலத்தில் இதைச் செய்ய வழியில்லை.

புதிய வறட்சி, புதிய ஏற்பாடு

2020 முதல் 2023 வரை வட கென்யாவில் ஐந்து மழைக்காலங்கள் தொடர்ந்து பொய்த்தன. நாடு முழுவதும் 25 லட்சத்திற்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. ஒட்டகமும் இறந்தது, ஆயினும் மாடே பெருமளவில் அழிந்தது. தலைமுறையாக மாடு வளர்த்த சம்புரு மக்களில் பலர் இப்போது ஒட்டகத்துக்கு மாறி வருகின்றனர். ஒரு காலத்தில் ஒட்டகம் இல்லாத ரெண்டில்லே இளைஞன் சம்புருவிடம் மாடு மேய்க்கப் போனான். இன்று சம்புரு மக்கள் ரெண்டில்லேயின் கால்நடையை நாடுகின்றனர்.

மார்சபிட் பகுதியில் 2010ஆம் ஆண்டு ஜனவரியில் கால்நடைக் காப்பீட்டுத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. சர்வதேசக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் இதை வகுத்தது. இறந்த கால்நடையை அதிகாரி வந்து பார்க்க வேண்டியதில்லை. செயற்கைக்கோள் மூலம் தரையின் பசுமையை அளக்கின்றனர். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே பசுமை குறைந்தால், அந்த வட்டாரத்தில் காப்பீடு செய்த அனைவருக்கும் இழப்பீடு கிடைக்கும். கால்நடை இறந்தபின் பணம் தருவதைவிட, தீவனம் குறையத் தொடங்கும்போதே தந்தால் தீவனமும் மருந்தும் வாங்கி அதைக் காப்பாற்றலாம் என்பதை உணர்ந்து, பின்னர் திட்டத்தை அவ்வாறு மாற்றினர். எனினும் வட்டாரம் முழுவதற்கும் ஒரே அளவீடு என்பதால், அக்கம்பக்கம் பசுமையாக இருந்து தன் மேய்ச்சல் மட்டும் காய்ந்தவருக்கு உரிய பணம் வராமல் போவதும் உண்டு.

நாம் கவனிக்க வேண்டியவை

ரெண்டில்லே மக்களின் நிலம் வேறு, நம் நிலம் வேறு. அவர்களைப் போல நாமும் ஒட்டகம் வளர்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் அவர்களுடைய அனுபவத்திலிருந்து சிறு விவசாயி எடுத்துக்கொள்ளத் தக்க கருத்துகள் சில உள்ளன.

1. ஒரே இனக் கால்நடையை மட்டும் நம்பியிருக்காமல், புல் மேய்வதும் தழை கடிப்பதுமாகக் கலந்து வைத்தால் உள்ள தீவனம் முழுவதும் பயன்படும். விரைவில் பெருகும் இனம் அவசரத்துக்கு உதவும். நெடுநாள் பால் தரும் இனம் குடும்பத்தைத் தாங்கும்.

2. கால்நடையின் எண்ணிக்கையைக் கிணற்று நீரின் அளவைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது. கோடையில் கிடைக்கும் தீவனத்தின் அளவைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும்.

3. ஒரே மேய்ச்சல் தரையை ஆண்டு முழுவதும் மேயவிடாமல், மாற்றி மாற்றி ஓய்வு கொடுத்தால் புல் மீண்டும் தழைக்கும்.

4. பாலை எல்லாம் விற்றுவிட்டு வீட்டுக் குழந்தைக்கு வெறும் தேநீர் கொடுப்பது லாபமாகாது. குழந்தையின் பங்கை முதலில் எடுத்து வைக்க வேண்டும்.

5. கிடேரியை இல்லாதவருக்கு வளர்க்கக் கொடுப்பது கொடுத்தவருக்கும் பாதுகாப்பே. பேச்சைத் தெளிவாக வைத்துக்கொண்டால் இருவருக்கும் நன்மை.

ரெண்டில்லே மக்கள் வறட்சியை எவ்விதத்திலும் தடுத்துவிடவில்லை. அது வரும் என்று எதிர்பார்த்தே ஒவ்வொரு நல்ல ஆண்டிலும் ஏற்பாடு செய்துகொண்டனர். மழை நன்றாகப் பெய்து தீவனம் மிகுந்திருக்கும் ஆண்டில் வைக்கோலையும் சோளத்தட்டையையும் போராகச் சேர்த்து வைக்கும் விவசாயியும் அதையே செய்கிறார்.